ஐந்து மணி ஜீப்

"ஐயோ... என் மைக்குங்க!"

தியேட்டர் இருட்டில் டின்சியின் செருப்புக்குக் கீழே ஏதோ மளுக்கென்றது. திரையில் நாயகன் மழையில் நனைந்தபடி நாயகி வீட்டு வாசலில் நிற்கிறான். கதவு திறக்குமா, திறக்காதா... போடி ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவள் மட்டும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, கிளைமாக்ஸ் நேரத்துல யாராச்சும் எந்திரிப்பாங்களா? அப்படி என்னங்க தலைபோற அவசரம்?"

"ஜீப்பு போயிரும்! நடக்குற வழியில பைய வச்சது நீங்க. காலை மடக்குங்க!"

மடக்கினான். அவள் ஓடினாள்.

அவசரம் உண்மைதான். டின்சிக்கு வீடு போடிமெட்டைத் தாண்டி, இடுக்கி மலையில் ஓர் ஏலத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. தியேட்டரில் படம் பார்க்க வேண்டுமானால் மலையிறங்கி வர வேண்டும். மேலே போகும் கடைசி எஸ்டேட் ஜீப் சரியாக ஐந்து மணிக்கு. மேட்னி விடுவதோ ஐந்தேகால். அதனால் அந்த எஸ்டேட்டில் ஒருவர்கூட தியேட்டரில் கிளைமாக்ஸ் பார்த்தது கிடையாது! நாலே முக்காலுக்கு அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டே ஊர் போய்ச் சேருவார்கள். அதில் டின்சி சொல்லும் முடிவுக்குத்தான் மவுசு அதிகம்.

அன்றைக்குப் பார்த்து மலைப்பாதையில் மரம் விழுந்துவிட்டது. "ஆறு மணியாகும்மா, எங்கயாச்சும் மழைக்கு ஒதுங்கு" என்று ஜீப் டிரைவர் சுடலைமணி போனில் சொல்ல, அவள் திரும்பி வந்து டிக்கெட் கவுண்டர் ஓரமாக நின்றாள். படம் விட்டது. உடைந்த மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வந்தான்.

மழை சோவென்று கொட்டியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்... நனைந்த இமைக்குள் அவ்வளவு பெரிய கண்கள். திட்ட வந்தவன், உடைந்த மைக்கைப் பைக்குள் போட்டு மூடினான்.

"கடைசில கதவைத் திறந்தாளா?" அவள்தான் முதலில் கேட்டாள்.

"நல்லாருக்குதுங்க! மைக்கையும் ஒடச்சுப்போட்டு, கதையும் நான் சொல்லோணுமாக்கும்?"

"சொல்ல வேண்டாம் போங்க. எனக்கே தெரியும். திறந்திருக்க மாட்டா. மூணு வருஷம் ஒரு போன்கூடப் பண்ணாதவன், மழையில நனைஞ்சா சரியாப் போச்சா? சன்னல்ல இருந்து ஒரு துண்டை வீசி, 'தலையைத் துவட்டிட்டுப் போ'ன்னு சொல்லியிருப்பா. அதான் சரி."

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். படத்தில் அவள் கதவைத் திறந்து, கட்டிப்பிடித்து, பாட்டு வேறு பாடினாள். இந்தத் துண்டு முடிவு அதைவிட ஆயிரம் மடங்கு மேல்!

அவன் பெயர் ஆனந்தகுமார். பாலக்காடு பக்கம் சித்தூரில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன், போடியில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் கட்ட வந்திருந்தான். மற்ற நேரத்தில் தனியாக உட்கார்ந்து சினிமா பற்றி பாட்காஸ்ட் பேசுவான். கேட்பவர்கள் நாற்பத்தோரு பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள்.

"இதையே என் போன்ல ஒருக்கா பேசறீங்களா? பாட்காஸ்ட்ல போட்டுக்கட்டுங்களா?"

"போட்டுக்கோங்க. மைக்குக்குப் பதிலா." கன்னத்தில் குழி விழ அவள் சிரித்தாள்.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் மதியம், அவன் சித்தூரில் இருந்தும் அவள் லயத்து வீட்டில் இருந்தும் போனில் பேசிப் பதிவு செய்வார்கள். புதுப் படம், சீரியல், பாட்டுப் போட்டி... எதையும் விட்டுவைப்பதில்லை. அவள் படத்தின் பாதிக் கதையைச் சொல்லி, தானே ஒரு முடிவு கட்டுவாள். அவன் நிஜ முடிவைச் சொல்ல, சண்டை தொடங்கும். அவளுக்கு நல்ல பதில் கிடைக்காத நேரத்தில், "ஜீப்பு வந்தாச்சு, நான் கிளம்புறேன்!" என்று முடித்துவிடுவாள். நிகழ்ச்சிக்கே 'ஜீப்பு வந்தாச்சு' என்று பெயர் ஆகிவிட்டது. நாற்பத்தோரு பேர் நாற்பதாயிரம் ஆனார்கள்.

அந்த நாற்பதாயிரம் பேரும் அவளை "அண்ணி" என்றார்கள்.

'அண்ணி சொன்ன முடிவுதான் சரி அண்ணா.' 'அண்ணிகிட்ட மன்னிப்புக் கேளுங்க அண்ணா.' அவன் மறுக்கவில்லை. அவளும் மறுக்கவில்லை. வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து அந்த வார்த்தையை அவள் திரும்பத் திரும்பப் படிப்பாள். அவர் இதைப் படிப்பாரா? படித்தால் என்ன நினைப்பார்? ஒரு வார்த்தை கேட்டால்தான் என்னவாம்!

அவன் கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி!

ஆனால் ஒரு மசாலா கம்பெனி கேட்டது. "விளம்பரம் தர்றோம். நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொஞ்சாதிதானே?" ஆனந்தகுமார் ஒரு நொடி யோசித்தான்... "ஆமாங்க" என்றுவிட்டான்.

வந்தது வினை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில், டின்சியின் அப்பா பவுல்ராஜிடம் யாரோ போனை நீட்டினார்கள். மசாலா விளம்பரத்தில் இருவரையும் மாலையும் மெட்டியுமாகப் படம் வரைந்து, 'ரசனைத் தம்பதி ஆனந்தகுமார், டின்சி' என்று போட்டிருந்தது. "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு? எங்களுக்குப் பிரியாணி கிடையாதா?" என்று சிரித்தார்கள். முப்பது வருஷமாகத் தோட்டத்து சூப்பர்வைசர், ஒரு சொல் வாங்காத மனிதர். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி டின்சி... அப்பனுக்குத் தெரியாம கல்யாணம் முடிச்சிட்டியா?"

"சத்தியமா இல்லப்பா!"

"பெறவு இது என்ன?"

அவளுக்கே அப்போதுதான் தெரியும். படத்தைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. உடனே போன் போட்டாள்.

"மசாலாக்காரன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதுல்ல? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"டின்சி... தப்புத்தானுங்க. நீங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்கன்னா..."

"அப்ப, நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு பயந்து, கேக்காமலே பொஞ்சாதி ஆக்கிட்டீங்க. நல்லா இருங்க. இனிமே ஜீப்பு வராது."

வைத்துவிட்டாள். அப்புறம் அழுதாள். அவன் மேல் கோபம் பாதிதான். கேட்டிருந்தால் சரியென்று சொல்லியிருப்போமே என்ற ஆத்திரம்தான் மீதி.

மூன்று ஞாயிறுகள் நிகழ்ச்சி இல்லை. நாலாவது வாரம் வந்தது. அவன் குரல் மட்டும்.

"எல்லாரும் மன்னிக்கோணும். டின்சி என் சம்சாரம் இல்லீங்க. நீங்க அண்ணின்னு கூப்பிட்டப்போ எனக்கு இனிச்சுதுங்க, அதனால சும்மா இருந்துட்டன். அப்புறம் வாய் கூசாம பொய்யும் சொல்லிப்போட்டன். விளம்பரம் வேண்டாம்னு சொல்லியாச்சு. அவங்க அப்பா எதுக்காகவும் தலைகுனிய வேண்டியதில்லைங்க, தப்பு பூராவும் என்னுது. இந்தக் கதைக்குக் கிளைமாக்ஸ் எனக்குத் தெரியாது. அது எப்பவும் அவங்கதான் சொல்லுவாங்க... வர்ற ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு, அதே தியேட்டர்ல, அதே சீட்ல இருப்பனுங்க. வரலைன்னாலும் வருத்தமில்லை."

டின்சி சமையலறையில் நின்று கேட்டாள். திரும்பினால், அப்பா! எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"ஊரறியப் பொய் சொன்னான். ஊரறிய ஒத்துக்கிட்டான்" என்றார் மெதுவாக. "நம்ம சபையும் இல்ல, நம்ம ஊரும் இல்ல... ஒனக்கு அவனைப் பிடிச்சிருக்கா?"

அவள் தரையைப் பார்த்தாள். அது போதாதா ஒரு தகப்பனுக்கு?

"நேருல போயி பேசிட்டு வா. அஞ்சு மணி ஜீப்புக்கு வந்துரணும். ஆமா."

ஞாயிறு. மழை. அவன் இருந்தான். இளைத்திருந்தான். இந்தத் தடவை பையை மடியில் வைத்திருந்தான். அவள் ஒரு சீட் விட்டு உட்கார்ந்தாள். திரையில் யார் யாரையோ துரத்தினார்கள். இருவரும் எதையும் பார்க்கவில்லை.

நாலே முக்கால். அவள் எழுந்தாள். அவனும் எழுந்து, காலை மடக்கி வழிவிட்டான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வழி விடுறதுக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீங்க?"

"எப்பா, உக்காருங்கப்பா! படம் தெரியல!" என்று பின்னால் சத்தம்.

அவன் உட்காரவில்லை. "டின்சி... ஊருக்கெல்லாம் நீங்க என் சம்சாரம்னு சொல்லிப்போட்டனுங்க. உங்ககிட்ட மட்டும் கேக்கலை. இப்பக் கேக்கறனுங்க... என்னைக் கட்டிக்கறீங்களா? வேண்டாம்னாலும் சரி, கேட்டுட்டனுங்க."

அவள் பதில் சொல்வதற்குள் கைப்பையில் போன் அடித்தது. சுடலைமணி.

"டின்சி, ஓடி வராத. ஒங்க அப்பா இங்கதான் முன்சீட்டுல உக்காந்திருக்காரு. நீ இறங்கினதும் அடுத்த டிரிப்புல என்கூட வந்துட்டாரு. இன்னைக்கு ஜீப்பு அஞ்சரைக்குத்தான்னு ஒரே பிடிவாதம். படத்தை முழுசாப் பாத்துட்டு வரச் சொல்றாரு."

அவள் போனைக் காதில் இருந்து எடுக்கவே இல்லை. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கியது. அப்புறம் மெல்ல உட்கார்ந்தாள்... இந்த முறை அவனுக்குப் பக்கத்துச் சீட்டில்.

திரையில் கிளைமாக்ஸ் வந்தது. டின்சி வாழ்க்கையில் முதன்முதலாக தியேட்டரில் பார்க்கும் கிளைமாக்ஸ். அடித்தார்கள், அழுதார்கள், சேர்ந்தார்கள். விளக்குகள் எரிந்தன.

"எப்படிங்க இருந்துது?" அவன் பயந்துகொண்டே கேட்டான்.

"சுமார்தான். என்னுது இதைவிட நல்லாருக்கும்."

"சொல்லுங்களேன்..."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். அதே பெரிய கண்கள்.

"அந்தப் பொண்ணுக்கு, மைக்கை உடைச்ச அன்னைக்கே அவரைப் பிடிச்சுப்போச்சு. அவரு கேட்டதும் சரின்னு சொல்லிட்டா. அப்பா ஜீப்புல காத்திருக்காருன்னு, அவரைக் கையோட கூட்டிட்டுப் போனா." கையை நீட்டினாள். "எந்திரிங்க. அஞ்சரையாகப் போகுது."