இருபத்துமூன்று நீல உறைகள்

கூடையில் இருபத்துமூன்று இருந்தன. லினெட் மறுபடி எண்ணிப் பார்த்தாள். விலைக்கு வந்திருக்கும் இந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் ஷூவுக்கு மேல் மாட்டிக்கொண்டு, போகும்போது கழற்றிப் போட்டுவிட்டுப் போகும் நீல பிளாஸ்டிக் உறைகள். ஜோடியாகக் கொடுத்தது ஒற்றைப்படையில் வந்து நின்றது.

ஒஹாயோவில் நவம்பர் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஐந்து மணிக்கே வெளிச்சம் வடிந்துவிடும். வந்து போனவர்களின் ஈரக் கோட்டு வாடையும், வீடு மணக்கட்டும் என்று ஏஜெண்ட் மார்ஜரி சுட்டுவைத்த வெண்ணிலா பிஸ்கட் வாசனையும் கலந்து கூடத்தில் தேங்கிக் கிடந்தன. சொந்த வீடே யாரோ படுத்து எழுந்த படுக்கைபோல் வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அசட்டையாக இருந்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. நகை, மாத்திரை, வங்கிக் கடிதம், மாற்றுச் சாவி எல்லாவற்றையும் பையில் திணித்துக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டியிருந்தாள். பையில் அடங்காத ஒரே சொத்து ஆறு வயது மகள் டெஸ். கணவன் போனபிறகு அவளுக்கென்று இருப்பது அந்தக் குழந்தைதான். மார்ஜரி வீட்டைக் காட்டி முடிக்கும்வரை மூன்று மணி நேரம் அவளோடு பூங்கா ஓரம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பி வந்ததும் முதல் வேலையாக வாசல் கதவை உள்ளிருந்து சாவியால் பூட்டிச் சாவியைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். டெஸ் மாடிக்கு ஓடிவிட்டாள்.

லினெட் போனை எடுத்தாள்.

"மார்ஜரி, ஒரு உறை குறையுது."

"நீ வேற, இதைப் போய் எண்ணிக்கிட்டு! எவனாவது ஒத்தைக் காலைக் கழட்ட மறந்து காருல ஏறியிருப்பான். பன்னெண்டு பேர் வந்தாங்க, தெரியுமா? நல்ல கூட்டம்."

"பன்னெண்டு பேரும் போயிட்டாங்களா?"

"வரும்போது நோட்டுல பேர் எழுதுறாங்க கண்ணு. போறப்ப யாரு எழுதுறா?"

மாடியில் நடக்கும் சத்தம் கேட்டது. டெஸ்ஸின் நடை அல்ல. மரத்தரையில் ஒரு கால் உரசியது, மறுகால் அழுந்தி விழுந்தது. சர்... தட். சர்... தட். டெஸ்ஸின் அறைப் பக்கமாகப் போனது. பிறகு நின்றுவிட்டது.

போன் கையிலிருந்து நழுவியது. படிகளில் ஓடினாள். அங்கிருக்கும் ஆளுயரச் சுவர் அலமாரியைக் காலி செய்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று மார்ஜரி சொன்னாளே. நேற்று டெஸ்ஸின் உடைகளையெல்லாம் எடுத்து இடம் பண்ணி வைத்தது யார்? இவளேதான்.

டெஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். பத்திரமாக இருந்தாள். லினெட்டுக்கு உயிர் வந்தது.

குழந்தையின் வலதுகாலில், முழங்கால்வரை தொளதொளவென்று, நீல உறை.

"யாரு குடுத்தா?"

"அவருதான். இது சத்தம் போடுதாம். அம்மா பயந்துக்குவாங்க, நீ வச்சுக்கோன்னாரு."

"எங்க அவரு?"

டெஸ் வாயில் விரலை வைத்தாள்.

வெண்ணிலா வாசனை. இங்கே, மாடியில். சூடாக.

அலமாரியை நேற்று திறந்தே வைத்திருந்தாள். இப்போது மூடியிருந்தது. வாசல் சாவி கீழே. பூட்டியது இவள் கை.

கதவுக்கு அடியில், விரலளவு இடைவெளியில், இரண்டு ஷூ நுனிகள். இவர்களைப் பார்த்தபடி.