கீழிருந்து மேலே

கத்தி தாடையின் அடியில் தொடங்கி மேல்நோக்கிப் போனது.

ராஜரத்தினம் கண்ணை மூடியபடி சாய்வுக் கதிரையில் கிடந்தார். பக்கவாதத்தில் நாக்கும் வலப்பக்கமும் விழுந்துவிட்ட பிறகு, ஞாயிறு தவறாமல் வத்தேகமவில் ஏறி, கண்டியில் பஸ் மாறி, அம்பிட்டிய வீட்டுக்கு வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டுப் போகிறவன் சின்னமுத்து. இருவரும் ஒரு காலத்தில் கூட்டாகச் சலூன் நடத்தியவர்கள். கிருதாவின் ஓரத்தில் கத்தியை வைத்து, தோலைக் கட்டைவிரலால் மேலே இழுத்துப் பிடித்து, முடி வளர்ந்த போக்கிலேயே இறக்குவதுதான் அவன் கைப்பழக்கம். எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்போக்கில் இழுத்தால் தோல் எரியும் என்று தெரியாதவனா அவன்? ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நுரையும் சில்லென்றிருந்தது. அவர் மனைவி ஜெயராணி வழக்கமாகக் கொண்டுவரும் சுடுதண்ணீர் இன்றைக்கு வரவில்லை, விடிந்ததிலிருந்து அடுப்பு மூட்டிய சத்தமே இல்லை, சவர்க்கார வாசனைக்குள் எங்கிருந்தோ ஊதுபத்திப் புகை கலந்து வந்தது, வெளியே மழை விட்ட காற்றில் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே பார்த்தார். கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் கயிறு கட்டி வெள்ளைக் கொடிகள் தொங்கின. பக்கத்து வீட்டில் யாரோ போய்விட்டார்கள். யார் என்று கேட்கப் பார்த்தார், வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"ஆடாம இருங்கண்ணே. வெட்டிரும்," என்றான் சின்னமுத்து.

அப்போதுதான் கத்தியின் பிடி கண்ணில் பட்டது. சிவப்பு நூல் சுற்றிய பிடி. நூலைச் சுற்றியது அவர்தான். செத்த வீடுகளுக்கென்று இருவரும் ஒதுக்கி வைத்த கத்தி அது, உயிருள்ளவன் முகத்தில் படவே கூடாது என்பது அவர்களுக்குள் கண்டிப்பு. பிணத்துக்குப் பச்சைத் தண்ணீர். தோலை இழுத்துப் பிடிக்கத் தேவையில்லை. கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. எரிச்சல் தெரியாத முகத்துக்கு அது போதும்.

முன்னறையில் ஜெயராணி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"விடியக்காலையிலதான்ங்க. தூக்கத்துலயே போயிட்டாரு. வந்துருங்க."

அவள் குரல் கச்சிதமாக உடைந்தது.

ராஜரத்தினம் இடது கையைத் தூக்கி சின்னமுத்துவின் மணிக்கட்டைப் பற்றினார். தம்பியென்று நம்பிய கை. பயத்தைவிட அந்த நினைப்புத்தான் நெஞ்சை அறுத்தது. சின்னமுத்து கோபப்படவில்லை. விரல்களைப் பதமாகப் பிரித்து, கையை மடியில் வைத்து, இரண்டு கைகளின் கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினான். இன்னொரு துணி தாடைக்கு அடியில் வந்து உச்சந்தலையில் இறுகியது. வாய் மூடிக்கொண்டது.

இனி மூக்கு மட்டும்.

கத்தியைக் கழுவி மூக்குக்குக் கீழே தட்டையாகப் பிடித்தான். ஆவி படர்ந்தது. பார்த்தான். துடைத்தான். மறுபடி பிடித்தான். மறுபடியும் ஆவி.

"ராணி," என்று கூப்பிட்டான். இத்தனை காலமும் அண்ணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். "வர்றவங்கள கேட் கிட்டயே நிக்கச் சொல்லு. இன்னும் கொஞ்ச நேரமாகும்."

அவள் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். கையில் பஞ்சு. கணவனின் கண்ணைத் தவிர முகம் முழுவதையும் பார்த்தாள்.

"மீசைய எடுத்துராத. அவருக்கு அதுல ஆச."

பஞ்சைப் பிய்த்து உருட்டினாள். ஒன்று உள்ளே போனது. குளிர்ச்சி. அடைப்பு. கேட்டருகே யாரோ ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அவருடைய பெயரைச் சொல்லி.

கத்தியில் ஆவி பாதியாகச் சுருங்கியது.

அவள் அடுத்ததை உருட்டிக்கொண்டிருந்தாள்.