ஆயுத பூஜைக்கு எடுக்காத உறைபடம்

காற்று குறைந்த காலைகளில் எனக்கு முதல் வேலை ஆட்களை இடம் மாற்றுவது. காவல்கிணற்றுக்கு மேற்கே நிற்கும் காற்றாலைகளை நம்பித்தான் எங்கள் கூடம் ஓடுகிறது. மின்சாரம் இறங்கினால் பன்னிரண்டு தாங்கிகளில் நான்கை அணைத்துவிட்டு, அவற்றில் குடியிருப்பவர்களை மற்ற எட்டுக்கு நகர்த்திவிடுவேன். தாங்கி என்றால் ஒரு பெரிய சர்வர். நிறுத்தாமல் ஓட ஓடவே நகர்த்துவதால் குடியிருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு ஒரு டீச்சர், காபி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது மூன்றாம் தாங்கியில் இருந்தார். குடித்து முடிக்கும்போது எட்டாம் தாங்கியில் இருந்தார். காபி ஆறிவிட்டது என்று மட்டும் புகார் சொன்னார். அதற்கு நான் என்ன செய்ய? அவர் குடிக்கிற வேகம் அப்படி.

உடம்பு கைவிட்டவர்களின் மனதை இங்கே குடியேற்றுகிற காலம் இது. ஆளுக்கொரு சர்வர் கொடுக்க யாராலும் முடியாது. அதனால் ஒரே இரும்புப் பெட்டியை நாற்பது பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு மெய்நிகர் பொறி. தனி வீடு, தனி நினைவகம், எல்லாம் தனக்கு மட்டுமே என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் 'பகிர்வான்' என்கிற மென்பொருள்தான் எல்லாரையும் கட்டி மேய்க்கிறது. ஒருவர் தூங்கினால் அவர் பங்கை எடுத்து, விழித்திருந்து சண்டை போடுகிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். இவர் எழுந்ததும் திருப்பி வாங்கித் தரும். கல்யாண வீட்டில் நூறு நாற்காலியை வைத்து ஐந்நூறு பேரைச் சாப்பிட வைப்பதில்லையா, அதுபோலத்தான்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற நான் சங்கரவடிவு. என்னுடைய இன்னொரு வேலை, தினமும் காலையில் எல்லாருக்கும் உறைபடம் எடுப்பது. அந்த நொடியில் ஒருவர் எப்படி இருக்கிறாரோ, கோபம், பசி, பாதியில் நின்ற பேச்சு உட்பட, அப்படியே பிடித்து வைப்பது. அடுத்த நாள் பழுது வந்தால் அந்தப் படத்துக்குத் திருப்பிவிடலாம். ஆள் பிழைத்துக்கொள்வார். நடுவில் நடந்தது மட்டும் அவருக்கு நடக்காததாகிவிடும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கூடத்தில் அன்றைக்குக் கருவியைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் பூஜையில் வைத்தால் கூடமே நின்றுவிடும் என்பதால், ஒரு நாள் சும்மா இருந்தால் குடிமுழுகிப் போகாது என்று தோன்றுகிற கருவியை மட்டும் வைப்போம். ஒவ்வொரு வருடமும் அது உறைபடப் பெட்டிதான். முந்தின நாள் சாயங்காலமே துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு உட்கார வைத்துவிட்டோம். விஜயதசமி காலை பத்தரைக்கு நல்ல நேரம், அப்போது எடுக்கலாம் என்றிருந்தோம். ஒன்பதே காலுக்கு ஏழாம் தாங்கியில் ஒரு நினைவகப் பலகை கெட்டது.

முப்பத்தொன்பது பேரைச் சேதமில்லாமல் நகர்த்திவிட்டேன். நாற்பதாவது ஆள் தங்கப்பழம் அண்ணாச்சி. கெட்ட பலகை அவர் பங்கில் இருந்தது. அவரைச் சட்டென்று நிறுத்திவைத்தேன். நிறுத்தினால் வலி கிடையாது, நேரம் போவதும் தெரியாது. ஓட விட்டால் பழுது உள்ளே பரவும். ஐந்து நிமிடம் தாங்குவார், அதற்கு மேல் அவர் அவராக இருக்கமாட்டார்.

அண்ணாச்சி நாக்பூருக்கு லாரி ஓட்டியவர். பெட்டிக்குள் போகமாட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் நினைவு தப்பிக் கிடந்தபோது, தங்கை முத்துக்கனி கையெழுத்துப் போட்டு அவரை இங்கே கொண்டுவந்தார். விழித்ததும் யார் போட்டது என்று கேட்டவர், அன்றோடு தங்கையிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த அக்கா மாதாமாதம் வள்ளியூரிலிருந்து வந்து வெளியே உட்கார்ந்துவிட்டுப் போவார். பூஜையன்று சுண்டலோடு வந்தார். நாளும் கிழமையுமாக இருக்கிறதே என்று நான் லைனைப் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி எடுத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்த அக்கா, சுண்டல் டப்பாவை மொத்தமாக என் கையில் கொடுத்துவிட்டு, "எங்க அண்ணன் பேசிட்டான் வடிவு" என்றார்.

மறுநாளே அவரைத் திரும்ப வரவழைத்து நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. "தப்பு என்னோடதுதான்க்கா" என்றேன்.

அக்கா, மாலையோடு இருந்த பெட்டியைப் பார்த்தார். "இதுக்குப் பொட்டு வச்சி அழகு பாத்திய. எங்க அண்ணன ஒரு நா பாத்துக்கிட ஒங்களுக்கு முடியல" என்றார். திட்டட்டும் என்று நின்றேன். பிறகு படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"பூஜைக்கு முந்தின நாள் காலையில எடுத்த படம் இருக்கு. அதுக்குத் திருப்பினா பிழைச்சிருவாவ. ஆனா ஒங்ககிட்ட பேசாத ஆளாத்தான் எந்திப்பாவ. திருப்ப வேண்டாம்னா மொத்தமா அணைச்சி விடுவிச்சிரலாம். எதுன்னாலும் ரத்த சொந்தம் கையெழுத்துப் போடணும்."

அக்கா படிவத்தை வாங்கிப் பார்த்தார். "மறுபடியும் அவனக் கேக்காமலா?"

அக்கா படிவத்தை மேசை மேல் வைத்துவிட்டார்.

"ஓட விட்டா அஞ்சு நிமிசம் பேசுவான்னு சொன்னல்லா?"

"சட்டத்துல அதுக்கு எடமில்லக்கா."

"பூஜை போடுததுக்கு மட்டும் எடம் இருந்துச்சோ?"

ஓட விட்டேன்.

"என்ன கனி, காலையிலயே வந்துட்ட?" அண்ணாச்சியின் குரல் அங்கங்கே உடைந்தது. அக்கா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். அதிலேயே ஒரு நிமிடம் போய்விட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்தேன்.

"அப்போ நேத்து பேசினது?"

"ஒனக்குப் போயிரும்ணே. எனக்கு மட்டுந்தான் இருக்கும்."

"போன தடவ நீ என்னயக் கேக்கல."

"இப்ப கேக்குதேன்ணே. நீ சொல்லுதததான் செய்வேன். வேண்டாம்னா விட்டுருதேன்."

"அந்தப் படத்துக்கே திருப்பச் சொல்லு. இங்க இருக்கது ஒம்பது வருசமா எனக்குப் பிடிக்கல. நேத்து ராத்திரிதான் பிடிச்சிது." பிறகு மூச்சு வாங்குகிறவர் மாதிரி நிறுத்திச் சொன்னார். "எந்திச்சி வாரவன் ஒன்ன ஏசுவான். நீ கேட்டேன்னு சொன்னா நம்ப மாட்டான். எனக்கு அவனத் தெரியும்."

"நம்பாட்டா போறான்" என்றார் அக்கா. நான்கு நிமிடம் நாற்பது விநாடியில் நிறுத்தினேன்.

அந்தப் பேச்சின் பதிவை எழுந்து வருகிறவருக்குப் போட்டுக் காட்டவும் வழியில்லை. கெட்ட பொறியிலிருந்து ஒரு துளிகூட நல்ல பொறிக்குள் போகக்கூடாது, கூடவே பழுதும் போய்விடும். மனிதர் வாயால் சொல்வது மட்டும்தான் அனுமதி. அக்கா கையெழுத்துப் போட்டார். பதினொரு மணிக்கு அண்ணாச்சி விழித்தார்.

"நாளைக்குத்தான ஆயுத பூஜை?" என்பதுதான் முதல் கேள்வி.

"நேத்தே முடிஞ்சிட்டு அண்ணாச்சி." மற்றதையும் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கையெழுத்து யாரு போட்டா?"

"தங்கச்சி போட்டாவ. ஆனா ஒங்களக் கேட்டுட்டுத்தான் போட்டாவ. நீங்கதான் திருப்பச் சொன்னிய."

அவர் சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை. "நல்லா கத விடுத வடிவு. நான் அவகிட்ட பேசினனாம், அவ என்னயக் கேட்டாளாம். வீட்டுக்குப் போவச் சொல்லு அவள."

வெளியே போய் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. கிடைத்ததைக் கெடுத்தது நான். அண்ணாச்சி சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

"பூஜையன்னைக்கும் மொதல்ல இதத்தான் சொன்னான்" என்றார் அக்கா. "முக்கா மணி நேரம் ஏசிட்டுத்தான் எறங்கி வந்தான்."

"ஒங்களுக்கு வருத்தமா இல்லியாக்கா?" தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, கேட்டுவிட்டேன்.

"இல்லாம இருக்குமா? ஆனா ஒம்பது வருசமா என்னயத் தூங்க விடாதது அவன் கோவம் இல்ல வடிவு. அவனக் கேக்காமச் செஞ்சேன்லா, அதுதான். இப்ப கேட்டாச்சு. அவனுக்குத் தெரியாட்டாலும் எனக்குத் தெரியும்லா?"

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, லைனைப் போடச் சொன்னார். போட்டேன். அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எடுத்த எடுப்பிலேயே ஏச ஆரம்பித்தார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. உள்ளேயிருந்து ஏசுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. லைனை மட்டும் அண்ணாச்சி துண்டிக்கவில்லை.