பற்றறி இல்லாத பெட்டி

சமையலறைச் சுவரில் செருகியிருந்த பேபி மொனிற்றருக்குள்ளிருந்து மூன்று தரம் தட்டும் சத்தம் கேட்டது.

நடாஷா கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய சோடி அது. ஒரு பெட்டி தொட்டிலடியில், மற்றது சமையலறையில். அங்கே அழுதால் இங்கே கேட்கும். இங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே கேட்காது. இப்போது நடாஷாவுக்கு நாலு வயது. தொட்டிலடிப் பெட்டி நவம்பரிலிருந்து பின்வளவில் நிற்கும், படுக்கை வைத்த காம்பர் வண்டிக்குள், மற்றப் பழைய சாமான்களோடு கிடக்கிறது. இதைச் சுவரிலிருந்து கழற்றத்தான் யூஜினி மறந்துபோனாள்.

"அம்மா, காம்பருக்குள்ளை ஆரோ தட்டுகினம்."

"காத்து பிள்ளை. நீ சாப்பிடு."

சொல்லிவிட்டு இன்னொரு வாய் புட்டைக் குழைத்தாள். அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஐந்து மணிதான், ஆனால் ஜனவரி; வெக்ஸ்போர்ட் பகுதி முழுவதும் இருண்டு பனி மூடிக் கிடந்தது. புருஷன் கஸ்பர் பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போய்விட்டான், நடுச்சாமம் தாண்டித்தான் வருவான். கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த பெடியள் லீவுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

போன கோடையில் வெள்ளைக்காரரைப் பார்த்துக் கஸ்பருக்கு வந்த ஆசை அந்தக் காம்பர். ஒரே ஒரு முறை ஏரிக்கரைக்குப் போய் நுளம்பிடம் கடிவாங்கி வந்ததோடு ஆசை தீர்ந்தது. பேஸ்மென்றை வாடகைக்கு விட்டதும் பழைய ரீவி, டெக், பாட்டுப் பெட்டி எல்லாம் அதற்குள் குடிபோயின. காம்பரை விற்ற கிழவர் பூட்டுத் திறப்பை நீட்டினாரே தவிர, ஒரு தரமும் உள்ளே கால் வைக்கவில்லை. அதை யூஜினி அன்றைக்கே கவனித்தாள். கவனித்து என்ன, கஸ்பரிடம் சொல்லி வெல்ல முடியுமா?

மீண்டும் மூன்று தட்டு. பிறகு யாரோ மூச்சு விடுவதுபோல ஒரு நீண்ட இரைச்சல்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பெட்டிக்குப் பற்றறி இல்லையே.

"குளிருக்குப் பற்றறி ஒழுகி ஊத்திப் போடும், எல்லாத்தையும் கழட்டி வையும்" என்று கஸ்பர் சொன்னபடி அவள்தான் கழற்றினாள். ஈரம் பிடிக்காமல் இருக்கச் சீலைத் துண்டில் பச்சையரிசி முடிந்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்ததும் அவள்தான். ஒன்றைத் தவறவிட்டிருப்பாளோ? அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டையால் பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில், செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து அரை மணித்தியாலச் செய்தி கேட்ட வீட்டுப் பிள்ளை அவள். ஒரு பற்றறி வீணாய் ஊத்திப் போவதை அவள் கை பார்த்துக்கொண்டிருக்காது.

"ரெண்டு நிமிசம் குஞ்சு. கதிரையை விட்டு இறங்கக் கூடாது. அம்மா ஓடி வாறன்."

ஹவுஸ்கோட்டுக்கு மேல் கஸ்பரின் பழைய ஜாக்கெற், காலில் அவனுடைய பழைய பூட்ஸ், கையில் ரோர்ச். பனி நொறுங்க நொறுங்க நடந்து, திறப்பைப் பூட்டில் திருகிக் கதவை இழுத்தாள். திறப்பைப் பூட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே ஏறினாள்.

வெளியைவிட உள்ளே குளிர் கூட. பூச்சி உருண்டை மணத்தோடு, பல நாள் பூட்டிய அறையில் மனிதர் படுத்தெழும்பிய புளித்த மணமும் கலந்து வந்தது. ரோர்ச் வெளிச்சத்தில் போர்வை மூடிய ரீவி, டெக், ஸ்பீக்கர்கள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அரிசி முடிச்சுகள் மட்டும் அவிழ்ந்திருந்தன. நிலத்தில் ஓர் அரிசிகூட இல்லை.

எலி என்று தனக்குத்தானே சொன்னாள். எலி முடிச்சு அவிழ்க்காது என்பதும் தெரிந்தது.

ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக உறைபனி படர்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவுக்குத் துடைத்து வைத்திருந்தது. அதனூடாகப் பார்த்தாள். நேரே அவளுடைய சமையலறை. மஞ்சள் வெளிச்சத்தில் நடாஷா கதிரையில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

யூஜினிக்குப் பயம் பிடித்தது. மொனிற்றரை எடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்மூடியைக் கழற்றினாள்.

வெறும் பள்ளம்.

பற்றறி இல்லை. விளக்கு எரிந்தது.

முதுகுக்குப் பின்னால் ஏதோ உரசிக்கொண்டு போனது. ஜாக்கெற் துணி சரசரக்கும் சத்தம். கதவு சாத்தியது. பிறகு, அவசரமே இல்லாமல், திறப்புத் திரும்பியது.

"ஆரது? கதவைத் திறவுங்கோ!"

மூன்று தரம் தட்டினாள். காற்று ஊளையிட்டது. அயலில் எல்லா ஜன்னலும் குளிருக்கு இறுகச் சாத்தியிருந்தது. தோளால் இடித்தாள், காலால் உதைத்தாள். கதவு அசையவில்லை. பிள்ளை தனியே. அடுப்பில் தண்ணீர். மாதாவே, பிள்ளை தனியே.

வெளியே பனி நொறுங்கும் சத்தம். ஓர் அடி. இன்னோர் அடி. அவை வீட்டை நோக்கிப் போயின.

துடைத்த இடத்தில் முகத்தை வைத்தாள்.

சமையலறைப் பின்கதவு திறந்தது. கஸ்பரின் பூட்ஸ். கஸ்பரின் ஜாக்கெற். அதற்குக் கீழே அவளுடைய ஹவுஸ்கோட். வந்தவள் பனியைத் தட்டி உதறினாள், கொண்டையைச் சரிசெய்தாள், யூஜினியின் கதிரையில் இருந்தாள்.

"நடாஷா! நடாஷா, ஓடு!"

கண்ணாடியை ரோர்ச்சால் அடித்தாள். ரோர்ச்தான் அணைந்தது. கையால் அடித்தாள். பிள்ளையின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

கையிலிருந்த மொனிற்றர் இரைந்தது. சமையலறைச் சத்தம் ஒருநாளும் கேட்காத பெட்டி அது. இப்போது கேட்டது. பிள்ளையின் குரல், காதோடு காதாக.

"அம்மா, காம்பருக்குள்ளை ஆரோ தட்டுகினம்."

பதில் சொன்னது யூஜினியின் குரல்.

"காத்து பிள்ளை. நீ சாப்பிடு."

வந்தவள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஒரு வாய் புட்டை எடுத்து, ஆறுதலாகக் குழைத்து, பிள்ளையிடம் நீட்டினாள். இடது கையால்.

நடாஷா ஒருகணம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.