லின்சி வீட்டுச் சம்மனசுகள்

மேட்டூர் அணையை அடைத்து, ஒரத்தநாட்டு வாய்க்காலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற மாசி மாதத்து மத்தியானத்தில், லின்சி வீட்டு ஹாலில் சேத்து வாடை அடித்தது. ஆத்தில் புதுத்தண்ணி வரும்போது அடிக்குமே, அதே வாடை. பாத்ரூமை மோந்து பார்த்தாள், சாக்கடையை மோந்து பார்த்தாள், கடைசியில் மூக்கு அவளைச் சுவரில் தொங்கிய சம்மனசுப் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. படத்துக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையிலிருந்து தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.

புருசன் ரெஜின்தான் அதைத் தஞ்சாவூரில் நெய்னா முகம்மதுவின் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தான். நூறு வருசத்துக்கு முந்தி வெளிநாட்டில் அச்சடித்தது. நிலா வெளிச்சம், வெள்ளை உடுப்பில் பெண்கள், முதுகில் சிறகு, எல்லாரும் நுனிவிரலில் நிற்கிறார்கள். வேறென்ன, சம்மனசுகள், தேவதூதர்கள்தான்! லின்சி அதைத் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டி மெழுகுவத்தியும் ஏற்றினாள்.

மகள் ரோஸ்லின் காய்ச்சலில் விழுந்ததிலிருந்து நடக்கவில்லை. வேளாங்கண்ணி மாதாவுக்குச் செலுத்தவென்று லின்சி வெள்ளித் தகட்டில் செய்த குட்டிக் கால் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை. அவசரக்குடுக்கை, அதை நேற்று இந்தப் படத்தின் சட்டத்திலேயே கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். "எம்புள்ள காலு இனிமே உங்களோடது. எழுப்பி விட்டுடுங்க" என்று முட்டி போட்டு அழுதாள். பெத்த வயிறு, என்ன செய்யும்?

போன் அடித்தது. அறுவடை மிஷின் ஓட்டத் திருத்துறைப்பூண்டி போயிருந்த ரெஜின்.

"லின்சி, நெய்னா பாய் பேசுனாரு. அது சம்மனசு படம் இல்லையாம்டி. பாலேன்னு வெள்ளக்காரங்க நாட்டியமாம், அதுல ஒரு காட்சி. ஆத்தோட போய்ச் செத்த பொண்ணுங்க கரையேறி வந்து ஆடுற கதையாம். முதுகுல இருக்கிறது சிறகு இல்ல, ஈரத்துணி."

"அய்யோ, நான் அதுங்ககிட்ட பாப்பா காலைக் காணிக்கை குடுத்துட்டேங்க!"

அந்தப் பக்கம் மிஷினை அணைக்கிற சத்தம் கேட்டது. "அவுத்துடு. மொதல்ல அதை அவுத்துடு."

கையை நீட்டினாள். கட்டின சரடு இருந்தது. வெள்ளிக் கால் இல்லை.

உள்ரூமில் டொக்கென்று ஒரு சத்தம். இன்னொன்று.

"அம்மா! நடக்குறேம்மா!"

மாதாவே! பயமெல்லாம் எங்கே போனதோ, சந்தோசத்தில் ஓடினாள். பிள்ளை நின்றுகொண்டிருந்தது. நுனிவிரலில். மெதுவாகச் சுற்றியது. வேகமாகச் சுற்றியது.

"போதும் கண்ணு, உக்காரு."

"நான் ஆடலம்மா. காலுதான்."

காலை நிறுத்த லின்சி பிள்ளையின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். நிற்கவில்லை. கட்டிலோடு சேர்த்து அமுக்கினாள். நிற்கவில்லை. பிள்ளையின் கால் நகம் பெயர்ந்தது. தரையெல்லாம் ரத்தம்.

"வலிக்குதும்மா."

அப்புறம் அதையும் சொல்லவில்லை. தலை அம்மா தோளில் சாய்ந்தது. கை சில்லென்று ஆனது. லின்சி பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு இல்லை. மறுபடி வைத்தாள்.

இல்லை.

கால் ஆடிக்கொண்டிருந்தது.