களஞ்சிய அறைக் கதவின் உட்பக்கம்

காலையில் மணிமொழி பெருக்கியபோது களஞ்சிய அறையின் கதவு திறந்துதான் கிடந்தது. வெளிப்பக்கமாகத் திறக்கும் ஒற்றைக் கதவு அது. நடைச் சுவரோடு சாய்த்து, ஒரு கருங்கல்லை முட்டுக்கொடுத்திருப்பார்கள். இப்போது மூடியிருந்தது. கல் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கல்வராயன் மலைப் பக்கம் மத்தியானத்திலிருந்தே கறுத்துக் கிடந்தது. ஆனால் முற்றத்துக் கொடியில் போட்டிருந்த துணி அசையக்கூட இல்லை.

கள்ளக்குறிச்சியின் பழைய மண்டித் தெருவில், ஒரு காலத்தில் நெல் வியாபாரி வாழ்ந்த வீடு அது. இப்போது அருங்காட்சியகம். வருகிறவர்களுக்கு முதலில் வீட்டைக் காட்டி, பிறகு தெருவுக்கு அழைத்துப்போய்ப் பழங்கதை சொல்வது மணிமொழியின் வேலை. இன்றைக்கு வந்திருந்தது மணலூர்பேட்டையிலிருந்து ஒரு ஜோடி மட்டும்தான். பகலவன் ஓரிடத்தில் நிற்காமல் தூணையும் உத்திரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தான். அவன் மனைவி ஷாலினி, "சும்மா இருங்களேன்" என்று பின்னாலேயே போனாள்.

நெல் அளக்கும் படியையும் மரக்காலையும் காட்டிக்கொண்டே மணிமொழி நடந்தாள். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. காது மட்டும் வீட்டின் பின்பக்கமே கிடந்தது. அங்கே, அவர்களுடைய காலடிச் சத்தத்துக்கும் ஓட்டில் விழுந்த முதல் தூறலுக்கும் அடியில், காய்ந்த முறத்தை யாரோ நகத்தால் வருடுவதுபோல ஒரு சன்னமான ஒலி, அவள் பேசும்போது எழுந்து, பேச்சை நிறுத்தினால் தானும் நின்றது.

எலி என்று சொல்லிக்கொண்டாள். நெல்லே இல்லாத வீட்டில் எலிக்கு என்ன வேலை?

களஞ்சிய அறைக்கு வந்ததும் வழக்கமான கதையைத் தொடங்கினாள்.

"தாது வருஷப் பஞ்சத்துல இந்தத் தெரு ஜனங்க பசி தாங்காம இந்தக் கதவாண்ட வந்து விழுந்தாங்களாம். வியாபாரி தொறக்கல. தொறக்கச் சொல்லி அவங்க நகத்தால பொறாண்டின கீறல் இன்னும் கதவுல..."

கை காட்டியவள் அப்படியே நின்றாள்.

"எங்க மேடம்?" பகலவன் கதவைத் தடவினான். "இந்தப் பக்கம் மழமழன்னு கீது?"

இத்தனை நாளும் கதவைத் திறந்த நிலையிலேயே பார்த்தவள் அவள். சுவரோடு சாய்ந்திருந்த கதவில் கண்ணுக்குத் தெரிந்தது உட்பக்கம். அது இப்போதுதான் அவள் புத்தியில் ஏறியது.

வெளியே நின்றவர்கள் கீறவில்லை.

"அப்ப யாரையோ உள்ள தள்ளிப் பூட்டியிருக்காங்க, அவங்கதான் கீறியிருக்காங்க" என்றான் பகலவன். குரலில் உற்சாகம். கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனான். "உள்ள நின்னு சாத்திட்டுப் பாத்தாத்தான் அவங்க எப்படிக் கீறினாங்கன்னு தெரியும்."

"வேணாம் சார். அந்த ரூம் காலி, ஒண்ணும் இல்ல."

சிரித்துக்கொண்டே செல்போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு சாத்தினான்.

"ஆமா மேடம்!" கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "மேலருந்து கீழ வரைக்கும் கீறல். கீழதான் ஜாஸ்தி. கொழந்தைங்க ஒசரத்துக்கு..."

ஓட்டின் மேல் மழை வலுத்தது.

"மேடம்." குரல் தாழ்ந்திருந்தது. "ரூம் காலின்னு சொன்னீங்களே?"

பிறகு அந்த ஒலி.

ஒரு கை இல்லை. பல கைகள். மேலே. நடுவில். தரையோடு தரையாக. ஷாலினி, "ஏங்க! ஏங்க!" என்று கதவைப் பிடித்து இழுத்தாள். மணிமொழியும் சேர்ந்து இழுத்தாள். வெளியே நாதாங்கி போடவில்லை. உள்ளே தாழ்ப்பாளே கிடையாது. கதவு வரவில்லை. பலகையின் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது.

நின்றது.

கதவு தானாகவே மெல்லத் திறந்தது.

நிலைப்படியில் பகலவன் நின்றான். விரல் நுனிகளில் நகம் இல்லை. ரத்தம் சொட்டியது. உதடுகள் இறுக மூடியிருந்தன. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண் மட்டும் மணிமொழியைப் பார்த்துக் கெஞ்சியது.

"இன்னா ஆச்சுங்க? பேசுங்களேன்!" ஷாலினி அவன் முகத்தைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் வாயைத் திறந்தான்.

நெல். காய்ந்த, பழுப்பேறிய நெல். கொட்டியது. தாடை வழியாக, மார்பு வழியாக, நிலைப்படி தாண்டி மணிமொழியின் பாதத்தின் மேல். மூச்சு விட இடைவெளி இல்லாமல் கொட்டியது. கணுக்கால் மூடியும் நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருட்டிலிருந்து, எலும்பாய் மெலிந்த சின்னச் சின்னக் கைகள் நீண்டு வந்து, அந்த நெல்லை அள்ள ஆரம்பித்தன.