சந்தனம் பூசிய காது

2008 அக்டோபர் 9, விஜயதசமி. காலை எட்டே முக்கால்.

சிதம்பரத்திலிருந்து வெள்ளாற்றுப் பாலம் தாண்டிக் கடலூர் போகும் சாலையில், இடப்பக்கப் புளியமரத்தில் முகத்தைக் கொடுத்து நின்றது அந்தச் சிவப்புக் கார். கூரை இல்லாமல் இரண்டே பேர் உட்காரும் பழைய பிரிட்டிஷ் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்க இடது சக்கரத்தைக் காணோம். அது வயலுக்குள் உருண்டுபோய்ச் சேற்றில் படுத்துக் கிடந்தது. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே ரஃபியுதீன் இறந்திருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் எழிலரசி சாலையோரமாகவே பின்னோக்கி நடந்தாள். கொஞ்ச தூரத்தில், சக்கரத்தின் நடுவே திருகும் பெரிய நட்டு கிடைத்தது. இரண்டு பக்கமும் காது நீட்டியிருந்தது. காதுகளில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஆயுத பூசைப் பொட்டு மேடம். நேத்து வெச்சிருப்பாங்க" என்றார் ஏட்டு கொளஞ்சியப்பன்.

அவள் நட்டைப் பையில் போட்டாள். ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. அவளுக்கு எப்போதும் இப்படித்தான். உறுத்தல் முதலில் வரும், காரணம் சாவகாசமாக வரும். சில சமயம் வராமலே போய்விடும்.

காலை பதினொன்று.

தேடிப் போக வேண்டிய ஆள் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்தான். மெக்கானிக் லூர்துசாமி. ரஃபியுதீனோடு சேர்ந்து அந்தக் காரைத் துருவிலிருந்து மீட்டவன்.

"நாந்தான் காரணம் மேடம். என்னை உள்ள வைங்க."

"எப்படி?"

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் செம்புச் சுத்தியால ஒரு தட்டுத் தட்டிப் பாப்பேன். இன்னிக்கித் தட்டல."

"ஏன்?"

"ஷெட்டு ஓனரு பூசை போட்ட வண்டி. நட்டு மேல சந்தனம் குங்குமம் இருந்துச்சி. நான் வேதக்காரன், அவரு பாயி. சாமி பொட்டு மேல சுத்தியால அடிச்சா நல்லாவா இருக்கும்? 'உட்ரு லூர்து, அவுங்க மனசு நோவும், கடலூர் போய் நானே தட்டிக்கிறேன்'னாரு. அங்கதான் வண்டியை வாங்குற பார்ட்டி காத்துக்கிட்டு இருந்தாங்க. காட்டிட்டா வித்த மாதிரிதான்."

"முந்தின நாள் இறுக்கினீங்களா?"

"இறுக்குனேன்னுதான் நெனக்கிறேன். இப்ப யோசிச்சா சந்தேகமா இருக்குது."

அலட்சியத்தால் மரணம் என்று வழக்குப் பதிவானது. மறுநாள் பகலில் கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும். அடக்கமும் மறுநாள்தான், ஜும்மா தொழுகைக்குப் பிறகு.

"ஒரு தடவை பாய் முகத்தைப் பாக்க உடுவீங்களா மேடம்?"

செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்கிறானோ? இல்லை, செய்ததைத்தான் சொல்கிறானோ? இரண்டுக்கும் அவன் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருந்தது.

பிற்பகல் இரண்டு மணி.

ரஃபியுதீனின் மனைவிக்குத் தம்பி உபைதுல்லா, பார்சல் லாரி வைத்திருப்பவன், ஸ்டேஷன் வாசலிலேயே கத்தினான்.

"மச்சானைக் கொன்னுட்டு உள்ள உக்காந்து டீ குடிக்கிறானா அவன்?"

"காலைல ஷெட்டுக்குப் போனீங்களாமே?"

"போனேன். 'இந்தத் தகர டப்பாவை இன்னியோட தலைமுழுகிட்டு மறுபடி துபாய் போ'ன்னேன். சண்டைதான். அதுக்கென்ன?"

"அவங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனப்ப, நீங்க கார் பக்கத்துல தனியா நின்னீங்க."

உபைதுல்லாவின் குரல் இறங்கியது. "நின்னேன் மேடம். அழகாத்தான் இருந்துச்சி. அதை மச்சான்கிட்ட சொல்லாம வந்துட்டேன்."

மாலை நான்கு மணி.

காட்டுமன்னார்கோயில் சாலையில், மூடிப்போன ரைஸ் மில் ஷெட். கார் இங்கேதான் உயிர் பெற்றது. ஷெட்டும் ஒரு காலத்தில் காரும் சுப்பராயலுவுக்குச் சொந்தம். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கலங்கிய கண்.

"எங்கப்பா ஓட்டுன வண்டிம்மா. கோழி அடஞ்சிக் கெடந்துச்சி, ரஃபி கேட்டான், குடுத்துட்டேன். அந்த வண்டியில நட்டு நட்டா எனக்கு அத்துப்படி. மீசை மொளைக்காத வயசுலயே நானே சக்கரம் கழட்டி மாட்டியிருக்கேன்."

"பூசை போட்டது?"

"நாந்தான். என் எடமாச்சே, வருஷா வருஷம் போடுவேன். இவங்க ரெண்டு பேரும் மரியாதையா வெளிய நின்னாங்க. நல்ல பசங்க. லூர்து மேல கேஸ் போடாதீங்கம்மா, பாவம். மறந்திருப்பான்."

சுவரோரம் சுத்தியல், ஸ்பானர் எல்லாம் பொட்டோடு வரிசையாக இருந்தன. உடைத்த தேங்காய் மூடி இரண்டு, தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பாலாடை போல இளம் வழுக்கை.

மாலை ஆறு மணி. ஸ்டேஷன் பின்கட்டு.

இழுத்து வந்த காரின் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று மோட்டார் வாகன ஆய்வாளர் கேட்டிருந்தார். சேதமில்லாத முன்பக்க வலது சக்கரத்தின் காதில் மரச் சுத்தியால் நாலு போடு போட்டார் கொளஞ்சியப்பன். நட்டு அசையவில்லை.

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து லூர்துசாமி குரல் கொடுத்தான். "ஏட்டய்யா, வலப்பக்கம் மரை தலைகீழ். இந்த வண்டியில அப்பிடித்தான். எந்தப் பக்கமானாலும் மேல் காதை வண்டி மூக்குப் பக்கம் அடிச்சா கழலும், வாலுப் பக்கம் அடிச்சா இறுகும்."

மூக்குப் பக்கம் அடித்தார். அப்போதும் அசையவில்லை.

"யோவ், என்னய்யா இது, வெல்டிங் வெச்சிட்டியா?"

"நான் இவ்ளோ இறுக்க மாட்டேனே" என்றான் லூர்துசாமி, தனக்கே சொல்வது போல.

"நிறுத்துங்க ஏட்டய்யா" என்றாள் எழிலரசி.

டார்ச்சை அடித்துக் குனிந்தாள். காலையில் உறுத்தியது இப்போது பிடிபட்டது. பின்சக்கரங்கள் இரண்டிலும் பொட்டு, நட்டின் நடுவே வட்டமாக இருந்தது. முன்சக்கரத்தில் மட்டும் காது முழுக்கச் சந்தனப் பூச்சு. காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தாள். அடியில் பளபளவென்று புதுக் காயம், இரும்பு பட்ட காயம். மறுபடி உள்ளே போய், லூர்துசாமியிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"பூசை நடக்கும்போது உள்ள என்ன சத்தம் கேட்டுச்சி?"

"கதவைச் சாத்தியிருந்தாரு. தேங்கா ஒடைக்கிற சத்தந்தான். முத்தல் போல, ரொம்ப நேரம் தட்டிக்கிட்டு இருந்தாரு."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை.

சாட்சிக் கையெழுத்துக்கு என்று அழைத்ததால் சுப்பராயலு வந்தார். அக்கா கையெழுத்துப் போட்ட காகிதங்களோடு உபைதுல்லாவும் வந்திருந்தான்.

"ஐயா, ஒரு உதவி. இந்தப் பின்பக்க வலது சக்கரத்தைக் கழட்டணும். எங்க ஆளுங்களுக்கு வரல. உங்களுக்குத்தான் அத்துப்படியாச்சே."

சுப்பராயலு வேட்டியை மடித்துக் கட்டினார். சுத்தியலை வாங்கி, கொஞ்சமும் தயங்காமல், சாதாரண நட்டைக் கழற்றுவது போல இடஞ்சுழியாக, மேல் காதை வண்டியின் வால் பக்கம் அடித்தார். இன்னொரு அடி. இன்னொன்று.

"போதும்" என்றாள் எழிலரசி. "இறுக்கிக்கிட்டே இருக்கீங்க ஐயா. முன்சக்கரத்துலயும் புதன்கிழமை இதையேதான் செஞ்சீங்க."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"ரெண்டு முன்சக்கரத்தையும் தளர்த்தப் பாத்தீங்க. இடது நட்டு கடைசி மரை வரைக்கும் கழண்டுச்சி. வலது, கழண்டுடுச்சின்னு நெனச்சி நீங்க அடிக்க அடிக்க இறுகிடுச்சி. லூர்துவுக்கு இந்தத் தப்பு வராது, இந்த வண்டியை மாட்டுனவனே அவன். உபைதுல்லா நின்னது மறுநாள் காலைல. ஆனா காயத்துக்கு மேல சந்தனம் இருக்குது. அடி விழுந்த பிறகுதான் பூசியிருக்காங்க. காயத்தை மறைக்கக் காது முழுக்க. சந்தனம் வெச்சது நீங்க ஒருத்தர்தான். கதவைச் சாத்திக்கிட்டு ரொம்ப நேரம் தட்டுனீங்க. ஆனா தட்டுல இருந்த தேங்கா இளசு."

"அப்பா என்னை அந்த வண்டியைத் தொடவே உட்டதில்ல" என்றார் சுப்பராயலு. உட்கார இடம் தேடுவது போலச் சுற்றிலும் பார்த்தார். "சக்கரம் கழட்டி மாட்டுறதெல்லாம் டிரைவர்தான். நான் ஒரு நாள் அதுல ஏறிப் போனதுகூட கெடையாது. இப்ப எவனோ வந்து கொண்டுபோவான்... வாசல்லயே சக்கரம் ஆடும், பார்ட்டி காத்துட்டுப் போயிடுவான், வண்டி இங்கயே நிக்கும்னு நெனச்சேம்மா. பாலம் வரைக்கும் போவும்னு நெனைக்கல."

"அவங்க தட்டிப் பாத்திருந்தா?"

"பொட்டு வெச்சா தட்ட மாட்டாங்க" என்றார் அவர், மிகச் சின்னக் குரலில். "அவுங்க அப்பிடிப்பட்டவங்க."

கொளஞ்சியப்பன் அவரை உள்ளே கூட்டிப்போனார். எழுத்து வேலை முடிந்து லூர்துசாமி வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. விடுதலை ஆனவன் முகமாக அது இல்லை.

"ஒரு தட்டு மேடம்" என்றான். "ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தேன்னா தெரிஞ்சிருக்கும்."

அவன் சொன்னது உண்மைதான். அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

வாசலில் பைக் உறுமியது. உபைதுல்லா லூர்துசாமியை நிமிர்ந்து பார்க்காமல், பின்சீட்டைக் கையால் துடைத்தான்.

"ஏறுய்யா. பாங்கு சொல்லிடுவாங்க. மச்சான் முகத்தை மூடறதுக்குள்ள போவணும்."